5 வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு: தலையில் ஊசி போடலாமா?

நெய்தல் | 4 ஜூன் 2024, இரவு 9.12

உறவில் ஒரு பையன், 5 வயது. ஆட்டிசம் என்று சான்றிதழ் வாங்கியாயிற்று. பத்துச் சொல்லுக்குள்தான் பேசுகிறான். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சிரப் எடுக்கிறான். ஓர் அக்குபங்சர் மையத்தில் வாரம் 3 முறை தலையில் ஊசி போட்டால் ஆறு மாதத்தில் பேச்சு வரும் என்கிறார்கள். கூடவே இரண்டு நிபந்தனை: ஸ்பீச் தெரபியை நிறுத்த வேண்டும், வலிப்பு மருந்தையும் விட வேண்டும். "ஆங்கில மருந்து உடம்பில் இருக்கும்வரை ஊசி பிடிக்காது" என்பது அவர்கள் வாதம். இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, இல்லை என்று ஒரு வரியில் முடிக்காமல் ஏன் என்றும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை | 4 ஜூன், இரவு 10.05

மருந்து முதலில். வால்ப்ரோயேட்டைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும். சில பிள்ளைகளுக்கு விடாமல் தொடர்ந்து வரும். ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு உயிருக்கு ஆபத்து. குறைப்பதாக இருந்தால் நரம்பியல் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான். இந்த நிபந்தனையைப் போடுகிற இடத்துக்குப் பையனைக் கூட்டிப் போக வேண்டாம். ஊசி நல்லதா கெட்டதா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி ஆதாரம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2011-இல் வந்தது. 10 ஆய்வுகள், 390 பிள்ளைகள், வயது 3 முதல் 18 வரை, சிகிச்சைக் காலம் 4 வாரத்திலிருந்து 9 மாதம் வரை. நிஜ ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளில் வேறுபாடு தெரியவில்லை. பேச்சு, அறிதிறன் சார்ந்த சில துணை அளவீடுகளில் சிறு முன்னேற்றம் தென்பட்டது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, முறையிலும் குறைகள். ஆட்டிசத்துக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க இந்த ஆதாரம் போதாது என்றே முடித்தார்கள்.

பேச்சுமொழி | 5 ஜூன், காலை 7.30

காது டெஸ்ட் ஆச்சா? மூளை அலையை வச்சு காது கேக்குதான்னு பாக்கற பேரா டெஸ்ட் பண்ணாம, "கூப்பிட்டா திரும்பறதில்ல"ங்கிறதை மொத்தமா ஆட்டிசத்து மேல போட்டுடறாங்க. நடுக்காதுல நீர் கோத்திருந்தாலே பேச்சு தள்ளிப்போகும். தலையில எத்தனை ஊசி போட்டாலும் அந்த நீர் வடியாது.

ஸ்பீச் தெரபியை நிறுத்தாதீங்க. இது என் தொழில் அபிமானத்துல சொல்றது இல்லை. ஊசிக்குச் சாதகமா வந்த ஆய்வுகள்லயே தெரபி நிக்கலை. காவிரிக்கரை அந்த எகிப்து ஆய்வைச் சொல்லுங்க.

காவிரிக்கரை | 5 ஜூன், மதியம் 1.20

2008-இல் வெளிவந்தது. 4 முதல் 7 வயதுக்குள் 20 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு மொழிப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு மொழிப் பயிற்சியோடு தலையில் ஊசி. இரண்டு குழுவுமே முன்னேறின. கவனத்திலும் சொற்பொருள் புரிதலிலும் ஊசிக் குழு கூடுதலாக முன்னேறியது. போலி ஊசிக் குழு கிடையாது, ஆக அந்தக் கூடுதல் ஊசியால் வந்ததா, கூடுதல் கவனிப்பால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை.

காக்ரேன் எடுத்த 10 ஆய்வுகளிலும் 6 இதே மாதிரி: வழக்கமான பயிற்சியோடு ஊசியும் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தவை. ஊசிக்குச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பகுதி பயிற்சி நடந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் கண்டது. பயிற்சியை நிறுத்தச் சொல்பவர் தன் பக்கத்து ஆதாரத்தையே வெட்டிப் போடுகிறார்.

நெய்தல் | 5 ஜூன், இரவு 8.44

தலையில் சரியாக எங்கே குத்துவார்கள்? எவ்வளவு ஆழம்? மூளைக்குப் போகுமா என்று வீட்டில் பெரியவர்களுக்குப் பயம்.

காவிரிக்கரை | 5 ஜூன், இரவு 11.10

மண்டையோடு இருக்கிறது, மூளைக்குப் போகாது. பின்கழுத்துக்கு மட்டும் இந்த உறுதி பொருந்தாது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

சீனாவில் பிள்ளைகளுக்கு அதிகம் புழங்குவது குவாங்சோவின் ஜின் ருய் வகுத்த மூவூசி முறை. உச்சந்தலையில் பாய்ஹுயி என்ற புள்ளி, அக்குபங்சர் எண்முறையில் டியூ 20. அதிலிருந்து முன், பின், இடம், வலம் நான்கு பக்கமும் 1.5 சுன் தள்ளி நான்கு ஊசி. முன்நெற்றி முடிக்கோட்டருகே மூன்று. காதின் உச்சிக்கு மேலே 2 சுன்னில் ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் 1 சுன்னில் ஒவ்வொன்று, இப்படி இரு பக்கமும். பின்மண்டையில் மூன்று. கையில் மணிக்கட்டருகே நெய்குவான், ஷென்மென் என்ற புள்ளிகளைச் சேர்ப்பதும் உண்டு. சுன் என்பது பிள்ளையின் கட்டைவிரல் அகலம். வைத்தியர் தன் விரலால் அளந்தால் எல்லாப் புள்ளியும் தள்ளிப் போகும்.

பிள்ளைகளுக்கு 0.16 முதல் 0.20 மி.மீ. தடிமன், 13 முதல் 25 மி.மீ. நீளம் போதும். தலையில் செங்குத்தாகக் குத்துவதில்லை. 15 முதல் 30 டிகிரி சாய்த்து, தோலுக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் தளர்வான அடுக்கில் படுக்கவைத்து நகர்த்த வேண்டும். அந்த அடுக்கில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். கையில் தடை தெரிந்தால் தோலுக்குள்ளேயே போகிறது என்று பொருள், அப்போதுதான் வலி. உடனே கொஞ்சம் இழுத்துக் கோணத்தைத் தாழ்த்த வேண்டும். தடையோடு தள்ளுகிற கைதான் பிள்ளையை மறுநாள் வாசலிலேயே அழ வைக்கிறது.

வழக்கமாக 30 நிமிடம் வரை ஊசியை விட்டுவைத்து நடுவில் திருகுவார்கள். அரை மணி நேரம் தலையைத் தொடாமல் இருக்க ஆட்டிசப் பிள்ளையால் பெரும்பாலும் முடியாது. பிடுங்கும், சுவரில் சாய்க்கும், பனியன் கழற்றும்போது ஊசி மடங்கும். இந்தப் பிள்ளைகளோடு பழகியவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து, குத்தி உடனே எடுத்துவிடுவதும் உண்டு.

மகிழம்பூ | 6 ஜூன், காலை 6.55

இவ்வளவும் ஊசி பற்றி. பிள்ளையை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டீர்களா? நாலு பேர் கை கால் அமுக்கிக் குத்தும் இடங்கள் இருக்கின்றன. பேசாத பிள்ளை "வேண்டாம்" என்பதை உடம்பால்தான் சொல்லும்: தலையை முட்டும், கையைக் கடிக்கும், செருப்பைப் போட்டுக்கொள்ள மறுக்கும். இதை "புள்ளி வேலை செய்கிறது, கழிவு வெளியேறுகிறது" என்று விளக்குகிறவரிடம் ஒருநாள்கூட விடாதீர்கள். அமுக்கிப் பிடித்த பிள்ளை அடுத்து பல் டாக்டரிடமும் வாய் திறக்காது, முடி வெட்டவும் உட்காராது. அந்த நஷ்டம் எந்த ஆய்வின் அட்டவணையிலும் வருவதில்லை.

முறையாகப் பழக்க வழி உண்டு. முதல் நாள் அறையைப் பார்ப்பது மட்டும். அடுத்து ஊசியைச் செலுத்தும் வழிகுழாயை ஊசி இல்லாமல் பொம்மையின் தலையில், அம்மாவின் கையில், பிறகு பிள்ளையின் கையில் தட்டிக் காட்டுவது. "முதலில் – பிறகு" அட்டை: முதலில் தட்டல், பிறகு ஊஞ்சல். மெல்லிய தொடலைப் பொறுக்காத பிள்ளைக்கு, குத்தும் முன் அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால் அடங்கும். முதல் ஊசி காலிலோ கையிலோ, ஒன்றே ஒன்று. இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொன்னால், அந்த இடம் உங்கள் பிள்ளைக்கானதில்லை.

காவிரிக்கரை | 6 ஜூன், இரவு 9.30

மகிழம்பூ சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருந்தாலும் தகும். காக்ரேனில் பதிவான பக்க விளைவுகள் இரத்தக் கசிவு, பயத்தாலும் வலியாலும் அழுகை, எரிச்சல், தூக்கக் கேடு, அதிகத் துறுதுறுப்பு. தூக்கத்துக்கென்று ஊசிக்குப் போய்த் தூக்கம் கெட்டால் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இப்போது பின்கழுத்து. யாமென், டியூ 15. பேச்சு வராதவர்களுக்கென்றே மரபில் சொல்லப்படும் புள்ளி, அதனால் இந்தப் பையனுக்கு அதைத் தொடும் வாய்ப்பு அதிகம். அதற்கு நேர் உள்ளே தண்டுவடமும் மூளைத்தண்டும் சேரும் இடம். பாடநூல் விதியே ஊசி முனை தாடையை நோக்கி இருக்க வேண்டும், மேல்நோக்கிச் சாய்க்கவோ ஆழமாக இறக்கவோ கூடாது என்பதுதான். பெரியவருக்கே இவ்வளவு எச்சரிக்கை. தலையை வெட்டென்று திருப்பும் 5 வயதுப் பிள்ளைக்கு அங்கே ஊசி வேண்டவே வேண்டாம். இது என் உறுதியான கருத்து. டியூ 15, அதற்குச் சற்று மேலே உள்ள டியூ 16 இரண்டும் தொடக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கான அக்குபங்சர் பாதுகாப்பு பற்றி 2011-இல் ஒரு தொகுப்பு வந்தது. அதில் கிடைத்த 279 பாதிப்புகளில் 253 லேசானவை, 25 கடுமையானவை. கடுமையானவற்றில் நுரையீரலைச் சுற்றிக் காற்றடைப்பு, மூளையுறைக்குக் கீழ் இரத்தக் கசிவு, தொற்று எல்லாம் உண்டு. பலவும் சரியான பயிற்சியில்லாத கையால் வந்தவை. பயிற்சி பெற்ற கையில் ஆபத்து குறைவுதான். குறைவு என்பதற்காக விசாரிக்காமல் இருக்க முடியாது.

இந்தப் பையனுக்கு இன்னொன்று: வால்ப்ரோயேட் தட்டணுக்களைக் குறைக்கக்கூடும். தலையில் ஊசி போட்டால் இரத்தம் நிற்க நேரமாகும், வீங்கலாம். எதற்கும் முன்னால் தட்டணு எண்ணிக்கை பார்த்துவிட வேண்டும். ஊசி எடுத்ததும் உலர்ந்த பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது.

நெய்தல் | 7 ஜூன், காலை 10.18

நாக்கில் ஊசி என்றும் ஒருவர் சொன்னார்.

காவிரிக்கரை | 7 ஜூன், காலை 11.02

ஹாங்காங்கில் நடந்தது. 50 பிள்ளைகள், 8 வாரத்தில் 40 முறை, நாக்கில் குத்தி உடனே எடுப்பது. ஒப்பீட்டுக்குப் போலிக் குழுவும் உண்டு. இரு குழுவும் முன்னேறின, அளவீட்டுக்கு அளவீடு முடிவு மாறியது. வாய் திறக்க மறுக்கும் பிள்ளையிடம் இதைச் செய்ய வாயைப் பிடித்துத் திறக்க வேண்டும். கடித்தால் ஊசி உடையும். வீட்டருகே செய்து பார்க்கிற விஷயம் இல்லை.

வேப்பமரம் | 8 ஜூன், மாலை 4.47

எல்லாரும் 2011-லேயே நிற்கிறீர்கள். 2018-இல் 27 ஆய்வுகள், 1,736 பிள்ளைகள் கொண்ட தொகுப்பு வந்து, ஊசி சேர்த்தால் ஆட்டிசத்தின் கடுமையைக் காட்டும் கார்ஸ் மதிப்பெண் குறைகிறது என்று காட்டியது. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

காவிரிக்கரை | 8 ஜூன், இரவு 10.40

அதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. உண்மைதான், நடத்தை, கல்விப் பயிற்சிகளோடு ஊசியையும் சேர்த்த குழுக்களில் கார்ஸ் குறைந்தது. ஆய்வுகளின் தரம் குறைவு என்று அதே ஆசிரியர்கள்தான் எழுதினார்கள்.

ஏன் தரம் குறைவு? கார்ஸ் என்பது 15 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 15 முதல் 60. 30-க்கு மேல் போனால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். ஒருவர் பார்த்து, கேட்டு, முடிவு செய்து போடும் மதிப்பெண் அது. பிள்ளைக்கு ஊசி போடுகிறார்கள் என்று போடுபவருக்கும் சொல்லும் பெற்றோருக்கும் தெரிந்தால், 3 என்பது 2.5 ஆவதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை, நம்பிக்கை போதும். போலி ஊசிக் குழு இல்லாத ஆய்வில் இந்த நம்பிக்கையும் ஊசியின் கணக்கில் ஏறிவிடும்.

செக்ரெட்டின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1998-இல் மூன்று பிள்ளைகளுக்கு இந்தக் குடல் ஹார்மோன் ஊசியால் பேச்சும் கண்ணைப் பார்த்துப் பழகுவதும் மேம்பட்டதாக ஓர் அறிக்கை வந்தது. அமெரிக்காவில் பெற்றோர் அதைத் தேடி அலைந்தார்கள். 1999-இல் 60 பிள்ளைகளை வைத்து, ஒரு பாதிக்குச் செக்ரெட்டின், மறு பாதிக்கு உப்பு நீர் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. மருந்தால் பயனில்லை என்று தெரிவித்த பிறகும் 69 விழுக்காட்டுப் பெற்றோர் அது வேண்டும் என்றார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்முன்னே பிள்ளை முன்னேறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த வயதில் ஒரு மாதம் என்பது பெரிய காலம், பிள்ளை சும்மாவும் வளர்கிறது.

வேப்பமரம் | 9 ஜூன், காலை 8.15

சரி, அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அதே காரணத்தால் ஊசி பயனற்றது என்றும் நிரூபணமாகவில்லையே.

காவிரிக்கரை | 9 ஜூன், காலை 8.50

ஆகவில்லை. அதனால்தான் போகவே கூடாது என்று நான் எழுதவில்லை. போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும் என்று எழுதுகிறேன்.

மகிழம்பூ | 9 ஜூன், மதியம் 2.05

நம்மூரில் ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பும் ஹீலர்கள்தான் அதிகம். மேலே பேசிய ஊசி ஆய்வுகளை அவர்கள் தங்களுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. செய்முறையே வேறு. தொடுவதால் காயம் இல்லை. கூட வரும் அறிவுரையில்தான் ஆபத்து: மருந்தை நிறுத்து, காய்ச்சலுக்கு எதுவும் கொடுக்காதே, தடுப்பூசி வேண்டாம். வலிப்பு உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள்.

காதுப் புள்ளிகளை அழுத்துவதற்கென்று விதை ஒட்டுவதும் உண்டு. ஒட்டிய விதை கழன்றால் மூக்குக்கோ காதுத் துளைக்கோ போகும். எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு வேண்டாம். விதைக்குப் பதில் காந்தம் ஒட்டுவது அதைவிட மோசம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளை போடும். மோக்சா என்று மூலிகையைக் கொளுத்திப் புள்ளியில் சூடு காட்டுவதும் உண்டு; அந்தப் புகை மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது, திடீரென்று நகரும் பிள்ளைக்குச் சூடும் பட்டுவிடும்.

பேச்சுமொழி | 10 ஜூன், இரவு 9.20

போறதுன்னு முடிவு பண்ணிட்டா அளந்துட்டுப் போங்க. "கொஞ்சம் பரவால்ல"ங்கிறது அளவு இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை எடுங்க. உதாரணத்துக்கு, கேட்டு வாங்கறது. பிடிச்ச பிஸ்கெட்டை மூடி இறுக்கின கண்ணாடி டப்பாவுல வைங்க. வாரம் மூணு நாள், அதே இடம், அதே நேரம், 15 நிமிஷம். போனை ஒரு பக்கமா நிறுத்தி வீடியோ எடுங்க. கையைப் பிடிச்சு இழுக்கறது ஒரு கட்டம், சைகை ஒரு கட்டம், சொல் ஒரு கட்டம். ஒவ்வொண்ணும் எத்தனை தடவைன்னு கோடு போடுங்க. ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு வாரம் இதை எடுக்கணும். இந்த நாலு வாரத்துலயே எண்ணிக்கை ஏறிட்டிருந்தா, ஊசி போட்டப்புறம் ஏறினதும் அதே ஏற்றம்தானான்னு பாக்கணும்.

அப்புறம் எட்டு வாரம் ஊசி. அந்தச் சமயத்துல புது டியூஷன், புது டயட், புது மருந்து எதுவும் வேண்டாம். பள்ளி திறக்கற ஜூன்ல ஆரம்பிச்சா எதனால மாறுச்சுன்னு தெரியவே தெரியாது. பிறகு நாலு வாரம் ஊசியை நிறுத்திட்டு அதே 15 நிமிஷம். வீடியோக்களைக் கலைச்சுப் போட்டு, எது எந்த வாரம்னு தெரியாத ஒருத்தரை எண்ணச் சொல்லுங்க. சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா யாரா இருந்தாலும் சரி.

காவிரிக்கரை | 11 ஜூன், காலை 7.05

மேலே உள்ளதோடு இதையும் சேர்க்கிறேன். எட்டு வாரத்துக்கு நடுவிலேயே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: வலிப்பு கூடுவது, தன்னையே அடித்துக்கொள்வது கூடுவது, இரவுத் தூக்கம் தொடர்ந்து கெடுவது. மையம் தானே கார்ஸ் போட்டுத் தானே குறைந்தது என்று காட்டினால் அதை அளவாக எடுக்க வேண்டாம். அரசுச் சான்றிதழுக்குப் போட்ட ஐசா அளவுகோலையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 40 கேள்வி, 40 முதல் 200 வரை மதிப்பெண். 70 முதல் 106 லேசு, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பாதிப்பின் அளவைச் சொல்ல அது சரி. இரண்டு மாத மாற்றத்துக்குச் சல்லடைக் கண் பெரிது.

வேப்பமரம் | 12 ஜூன், மாலை 6.33

பேச்சை விடுங்கள், தூக்கத்துக்காவது ஊசி உதவும் என்று பலர் சொல்கிறார்களே?

மகிழம்பூ | 12 ஜூன், இரவு 8.00

தூங்காத பிள்ளைக்கு முதலில் மலச்சிக்கலைப் பாருங்கள். இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின் சோதனை செய்யுங்கள், குறைந்தால் கால் ஓயாமல் ஆடும். பல்வலி, குறட்டை, இரவில் வரும் வலிப்பு இவற்றையும் பார்த்த பிறகு மற்றவை. சொல்லத் தெரியாத வலிதான் இந்தப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பெரும்பாலும் கெடுக்கிறது.

பேச்சுமொழி | 13 ஜூன், காலை 7.15

ஊசிக்குப் போற நேரத்துல வேற என்ன பண்ணலாம்னு நெய்தல் தனியா கேட்டாங்க, இங்கேயே சொல்றேன். கோவாவுலயும் ராவல்பிண்டியிலயும் பாஸ்னு ஒரு ஆய்வு, 2016-ல வெளிவந்தது. 2 முதல் 9 வயசு, 65 பிள்ளைங்க. நிபுணர் இல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவங்க பெற்றோருக்குக் கத்துக்கொடுத்தாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 12 தடவை. பெற்றோர் பிள்ளையோட போக்குக்கு ஒத்துப்போறது கூடுச்சு, பிள்ளை தானா பேச்சைத் தொடங்கறது கூடுச்சு. ரெண்டு பேரும் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கற நேரம் மட்டும் குறைஞ்சது, அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க.

வீட்டுல பண்றதோட சாரம் இதான்: பையன் கார் சக்கரத்தைச் சுத்தினா "இது என்ன கலர்?"னு கேக்காதீங்க. பக்கத்துல தரையில உக்காந்து நீங்களும் சுத்துங்க. "சுத்துது"னு ஒரே சொல். நிறுத்துங்க. பத்து நொடி வாயை மூடிக் காத்திருங்க. பெத்தவங்களுக்குக் கஷ்டமே அந்தப் பத்து நொடிதான். சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல இருக்கற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் நிப்மெட், மத்த மாவட்டங்கள்ல அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல கேளுங்க.

நெய்தல் | 14 ஜூன், இரவு 9.50

மருந்தும் தெரபியும் தொடர்கின்றன. பேராவுக்கு நாள் வாங்கியாயிற்று. அந்த மையம் வேண்டாம் என்று வீட்டில் முடிவு. வேறு ஒருவரிடம் பேசிப் பார்க்கலாம் என்கிறார் பையனின் அம்மா. போனில் என்ன கேட்க வேண்டும்?

காவிரிக்கரை | 14 ஜூன், இரவு 11.25

என்ன படித்திருக்கிறார், எந்த மன்றத்தில் பதிவு என்பது முதல் கேள்வி. இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபங்சர் பாடமாகவே உண்டு, சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் முதுநிலைப் பிரிவும் இருக்கிறது. வாரக்கடைசி வகுப்புச் சான்றிதழோடு பிள்ளையின் தலையில் ஊசி போடுபவர் வேண்டாம். அடுத்து, வலிப்பு மருந்து தொடர்வதில் அவருக்கு ஆட்சேபம் உண்டா என்று கேளுங்கள். "போகப் போகப் பார்ப்போம்" என்றால் போனை வைத்துவிடலாம். எந்தப் புள்ளிகள், எத்தனை ஊசி, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே எழுதித் தருவாரா? அம்மா மடியில் வைத்துக்கொள்ளலாமா? பிள்ளை மறுத்தால் அன்று விட்டுவிடுவாரா? ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் வேண்டாம், ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கொடுங்கள். ஊசியில் மின் கம்பி இணைப்பது வலிப்பு உள்ள இந்தப் பையனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே போனதும், உறை பிரிக்காத ஒருமுறை ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். எத்தனை உள்ளே போனது என்று அம்மா எண்ண வேண்டும், வெளியே வரும்போதும் எண்ண வேண்டும். எடுத்த ஊசி வெள்ளை நிறத் துளைபடாத பெட்டிக்குள் போக வேண்டும். கணக்கில் ஒன்று குறைந்தால் எழுந்து வராதீர்கள். முடிக்குள் விரலால் துழாவாமல், அகலப் பல் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். பிறகு சட்டைக் காலர், அம்மாவின் மடி, பாய்.